முகமும் எழுத்தும்: உரோமப் பேரரசின் வெள்ளிக்காசுகளை இனங்காணல்



உரோமானிய அறிஞர் பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலின் ஆறாம் பகுதியில் இலங்கையைப் பற்றி ஒரு செய்தி சொல்லுகிறார். கிளாடியஸ் பேரரசர் காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவரிடம் இருந்து விடுதலை பெற்ற அடிமை ஒருவன், அரபுக் கரையோரம் கலத்தில் செல்லுகையில் காற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கைத் துறை ஒன்றில் ஒதுங்கினான். அந்நாட்டு மன்னன் அவனை விருந்தினனாக ஏற்று, ஆறு திங்களில் மொழி பழகச் செய்து, உரோமைப் பற்றிக் கேட்டறிந்தான். கேட்டவற்றுள் மன்னனை மிகவும் வியக்கச் செய்தது படைபலமோ மாளிகையோ அன்று. அந்த அடிமையிடம் இருந்த வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு தலைகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றை வெளியிட்டவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பது அதனால் விளங்கிற்று. ஆயினும் எல்லாக் காசுகளும் ஒரே எடை நின்றன. ஆள் மாறியும் எடை மாறாத நாடு நேர்மையுடைய நாடாகத்தான் இருக்கவேண்டும் என்று மன்னன் முடிவு கட்டினானாம்.

பிளினி இதை உரோமின் பெருமைக்காக எழுதியிருக்கலாம். ஆனால் காசை ஆராயும் எவரும் செய்யும் முதல் இரண்டு வேலைகளை அம்மன்னன் செய்திருக்கிறான்: எடை பார்த்தான், முகங்கள் வேறுபடுவதைக் கண்டான். மூன்றாவது வேலை ஒன்று எஞ்சியிருந்தது. முகத்தைச் சுற்றி ஓடும் எழுத்தை அவன் வாசிக்கவில்லை. வாசிக்க அவனுக்கு இலத்தீன் தெரியாது. அந்த மூன்றாவது வேலையே இவ்வுரையின் பொருள். இலக்கிய வட்டத்து மேடையில் காசுக்கு என்ன இடம் என்று கேட்கக்கூடும். பதினெட்டு, பத்தொன்பது மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளி வட்டத்தில் ஒருவரின் பெயர், குலம், தந்தை, பட்டம், பதவி, ஆட்சியாண்டு எல்லாவற்றையும் அடக்கிய உரை ஒன்று இருக்கிறது. சொற்சுருக்கத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அதைப் பார்க்காமல் போகலாகாது.

முதலில் காசு எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். உரோமானியரின் முதன்மையான வெள்ளிக்காசு தெனாரியம். திருவிவிலியத்தின் தமிழ்ப் பொதுமொழிபெயர்ப்பும் அப்பெயரையே ஆளுகிறது. கி.மு. 211-ஐ ஒட்டி, குடியரசுக் காலத்தில் அது தோன்றியது. அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோமானிய இராத்தல் வெள்ளியில் எண்பத்து நான்கு தெனாரியம் அடித்தார்கள். ஒன்று ஏறத்தாழ 3.9 கிராம். இருபத்தைந்து தெனாரியம் ஒரு பொற்காசுக்கு ஈடு. பேரரசர்களின் பெயர் தாங்கிய தெனாரியங்கள் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் தொடர்ந்து வெளிவந்தன.

எழுத்துக்கு வருவோம். பெரும்பாலான காசுகளில் பொறிப்பு, கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில், அதாவது தலையின் இடப்புறக் கீழ்மூலையில், தொடங்கி வலஞ்சுழியாக மேலேறி மறுபுறம் இறங்கும். இடஞ்சுழியாக ஓடும் காசுகளும் முதல் நூற்றாண்டில் உண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி பெரும்பாலும் இராது. நம் பழஞ்சுவடிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று; சொல்லை எங்கே பிரிப்பது என்பது வாசிப்பவன் பொறுப்பு. ‘யூ’ என்னும் எழுத்து கிடையாது. அதன் இடத்தில் ‘வி’ நிற்கும். சொற்கள் முழுமையாக வாரா. ‘இம்ப்’ என்றால் இம்பெராத்தோர், வெற்றி வாழ்த்துப் பெற்ற தளபதி. ‘சீஸ்’ என்றால் சீசர். ‘பி எம்’ என்னும் ஈரெழுத்து, ‘பொன்டிபெக்ஸ் மாக்சிமுஸ்’, தலைமைக் குருக்கள். ‘டி ஆர் பி’ மக்கள் தீர்ப்பாளரின் அதிகாரம்; ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. ‘சி ஓ எஸ்’ கான்சல் பதவி. பக்கத்தில் நிற்கும் எண், எத்தனை முறை அப்பதவி வகித்தார் என்பதைச் சொல்லும். ‘பி பி’ நாட்டின் தந்தை.

இந்தச் சுருக்கங்கள் வெறும் புகழ்ச்சி அல்ல. இவைதாம் காலக்கணக்கு. டிராஜனின் தெனாரியம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முன்புறத்தில் ‘இம்ப் டிராயானோ அவ்க் ஜெர் டாக் பி எம் டி ஆர் பி சி ஓ எஸ் ஐந்து பி பி’ என்று வருகிறது. ‘ஜெர்’ என்பது ஜெர்மானியரை வென்றவர் என்னும் பட்டம், கி.பி. 97-இல் வந்தது. ‘டாக்’ என்பது தாக்கியரை வென்றவர் என்னும் பட்டம்; கி.பி. 102-இல் வந்தது. ஐந்தாம் முறை கான்சல் ஆனது 103-இல். ஆறாம் முறை ஆனது 112-இல். பார்த்தியரை வென்ற பட்டம் 116-இல் வந்தது. இக்காசில் அது இல்லை. ஆகவே இக்காசு 103-க்கும் 111-க்கும் இடைப்பட்டது. காசில் ஆண்டு எழுதப்படவில்லை. இருப்பதையும் இல்லாததையும் கூட்டிப் பார்த்தால் ஆண்டு கிடைக்கிறது. டொமிஷியனின் காசுகள் இன்னும் நெருக்கமானவை. தீர்ப்பாளர் அதிகார எண், இம்பெராத்தோர் வாழ்த்து எண், கான்சல் எண் மூன்றும் அவற்றில் உண்டு. பலவற்றை ஓராண்டுக்கோ அதனினும் குறைந்த இடைவெளிக்கோ அடக்கிவிடலாம். அவர் 96-இல் கொல்லப்பட்டபின் மூதவை அவர் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுக்கச் செய்தது. மக்கள் மடியில் கிடந்த வெள்ளியிலோ அப்பெயர் எண்களோடு உலவிக்கொண்டே இருந்தது.

டிராஜன் காசில் இலக்கணம் அறிந்தோர் கவனிக்கவேண்டிய மற்றொன்று உண்டு. பெயர் ‘டிராயானுஸ்’ என்று எழுவாயாக நிற்கவில்லை. ‘டிராயானோ’ என்று நிற்கிறது. நம் இலக்கணப்படி சொன்னால் நான்காம் வேற்றுமை, ‘டிராஜனுக்கு’. கொடுப்பவர் யார்? காசைப் புரட்டினால் விடை இருக்கிறது: மூதவையும் உரோமானிய மக்களும், தலைசிறந்த தலைவனுக்கு. முன்புறத்தில் தொடங்கிய தொடர் பின்புறத்தில்தான் முடிகிறது. ஒரு பக்கத்தை மட்டும் படிப்பவர்க்கு ஏற்பவன் பெயர் கிடைக்கும், கொடுப்பவர் கிடைக்கமாட்டார்.

முகத்தைக் கொண்டே ஆளை அறியலாமே என்று தோன்றும். ஓரளவு முடியும். ஹேட்ரியனுக்கு முன் முழுத்தாடி வளர்த்த பேரரசர் இலர். அவருக்குப்பின் ஒரு நூற்றாண்டு தாடியே வழக்கு. கால்பாவின் சுருக்கம் விழுந்த கன்னமும் வெஸ்பாசியனின் தடித்த கழுத்தும் ஒருமுறை பார்த்தால் மறவா. ஆனால் முகம் பொய்யும் சொல்லும். அகஸ்டஸ் கி.பி. 14-இல் இறக்கும்போது அவருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்திருந்தது. காசில் அவருக்கு முதுமையே வரவில்லை. மேலும், புதிதாக ஆட்சிக்கு வந்தவரின் தோற்றம் அக்கசாலைக்கு எட்டும்முன் அச்சு வெட்டவேண்டியிருந்தால், முன்னவரின் சாயலிலேயே வெட்டினார்கள். கைமாறித் தேய்ந்த காசிலோ மூக்கும் புருவமும் முதலில் போய்விடும். விளிம்பில் நான்கு எழுத்து நின்றால் அவையே சான்று.

சொல் வரிசை எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதற்கு ‘அந்தோனினுஸ்’ என்னும் பெயரே போதும். கி.பி. 138 முதல் 161 வரை ஆண்டவர் அந்தோனினுஸ் பியுஸ். அவர் தத்தெடுத்த மார்க்கஸ் அவ்ரேலியஸும் அப்பெயரைத் தாங்கினார். அவருக்குப்பின் வந்த மகன் கொம்மோதுஸ் பெயரிலும் அது உண்டு. பின்னர், அக்குலத்தோடு இரத்தத் தொடர்பே இல்லாத செப்டிமியஸ் செவெருஸ், தம்மை மார்க்கஸின் மகனாக அறிவித்துக்கொண்டு, பாசியானுஸ் என்றிருந்த தம் மூத்த மகனுக்கு மார்க்கஸ் அவ்ரேலியஸ் அந்தோனினுஸ் எனப் பெயர் மாற்றினார். இவரை வரலாறு காரகல்லா என்கிறது. அது அவர் அணிந்த மேலாடையால் வந்த பட்டப்பெயர், காசில் இல்லை. அவர் 217-இல் கொல்லப்பட்டபின், 218-இல் சிரியாவிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் காரகல்லாவின் மகன் எனச் சொல்லப்பட்டு அரியணை ஏறினான். அவனும் அந்தோனினுஸ். எலகபாலுஸ் என்று நூல்கள் அழைக்கும் பெயர் அவன் காசிலும் இல்லை. ஒரு பெயர், உரிமை கொண்டாடியவர்கள் ஐவர். தந்தை வழியாக வந்தவர் ஒருவர். இயற்பெயராகவே கொண்டவர் ஒருவர். தத்தாக வந்தவர் ஒருவர். தாமே எடுத்துக்கொண்டவர்கள் எஞ்சியோர்.

இவர்களுள் முதல்வரின் காசில் பெயர் ‘அந்தோனினுஸ் அவ்க் பியுஸ்’ என வரும். காரகல்லாவின் காசில் ‘அந்தோனினுஸ் பியுஸ் அவ்க்’. சொற்கள் அவையே, இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறியுள்ளன. அந்த மாற்றத்துக்கு இடையில் கிடப்பது அரை நூற்றாண்டு. எலகபாலுஸின் காசில் பெரும்பாலும் முன்னே ‘இம்ப்’ சேர்ந்து ‘இம்ப் அந்தோனினுஸ் பியுஸ் அவ்க்’ என்று வரும். காரகல்லாவின் பிற்காலக் காசில், 213 முதல், பின்னே ‘ஜெர்ம்’ சேரும். எலகபாலுஸ் காசின் பின்புறத்தில் வெற்றிடத்தில் ஒரு விண்மீனையும் அடிக்கடி காணலாம். ‘காரகல்லா’ எனப் பெயரெழுதிய உறைகளில் எலகபாலுஸ் உறங்குவது இன்றும் சேகரிப்போரிடையே அரிதன்று. முகத்தைப் பார்த்து உறையில் போட்டிருப்பார்கள், வரியைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பின்புறம் ஒரு தனி உலகம். துலாக்கோல் ஏந்தியவள் சமனீதி. சுக்கான் பிடித்தவள் நற்பேறு. ஒலிவக் கிளை ஏந்தியவள் அமைதி. பாம்புக்கு உணவூட்டுபவள் நலம். பூவை நீட்டி ஆடையைச் சற்றே தூக்கி நடப்பவள் நம்பிக்கை. கருத்துகளைப் பெண்ணுருவாக்கிக் கையில் ஓர் அடையாளம் கொடுத்துவிட்டார்கள். எழுத்து தேய்ந்தாலும் கையிலுள்ள பொருள் பேசும். ஆனால் அது பேசுவதெல்லாம் உண்மை என்று கொள்ளவேண்டியதில்லை. கி.பி. 69-இல் சனவரி 15 முதல் ஏப்பிரல் 16 வரை மட்டுமே ஆண்ட ஓத்தோவின் தெனாரியத்தில் ‘பாக்ஸ் ஓர்பிஸ் தெர்ராரும்’ என்று வருகிறது. ‘உலகம் முழுவதற்கும் அமைதி’. அந்த ஓராண்டில் உரோமை நால்வர் ஆண்டனர். ஓத்தோ உள்நாட்டுப் போரில் தோற்றுத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அக்காசு அமைதி இருந்ததற்குச் சான்றன்று. அமைதி வேண்டியிருந்ததற்குச் சான்று.

டைபீரியஸ் காசு இன்னொரு பாடம். முன்புறத்தில் ‘தெய்வ அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்’. பின்புறத்தில் ‘பொன்டிப் மாக்சிம்’ என்னும் பட்டம். நடுவே நாற்காலியில் அமர்ந்த பெண், ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. தம் ஆட்சியின் (கி.பி. 14–37) மிகப் பெரும்பகுதியில் டைபீரியஸ் வெள்ளியில் இந்த ஒரே வடிவத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் கால் மொட்டையா, கடைந்த வேலைப்பாடு உடையதா, அடியில் ஒரு கோடா இரு கோடா என்பவற்றை வைத்தே இக்காசுகளை முன்பின்னாக வரிசைப்படுத்துகிறார்கள். அந்தப் பெண் டைபீரியஸின் தாய் லிவியா என்று பலர் எழுதுகின்றனர். இருக்கலாம், அமைதித் தெய்வமாகவும் இருக்கலாம். பெயர் பொறிக்கப்படவில்லை. இதே காசை விவிலியத்து வரிக்காசு என்றும் விற்கிறார்கள். சீசருக்கு வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு தெனாரியத்தைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள உருவமும் எழுத்தும் எவருடையவை என வினவியதாக மாற்கு எழுதுகிறார். சீசருடையவை என்பது விடை. எந்தச் சீசர் என்பது நற்செய்தியில் இல்லை. டைபீரியஸாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே வாசிப்பு. அதற்கு மேல் சொல்வது வணிகம்.

உலோகத்தின் கதை சுருக்கமானது, மகிழ்ச்சியானதன்று. கி.பி. 64-இல் நீரோ, இராத்தலுக்கு எண்பத்து நான்கு என்றிருந்ததைத் தொண்ணூற்றாறு ஆக்கினார். எடை 3.4 கிராம் அளவுக்கு இறங்கியது. தூய வெள்ளிக்கு மிக நெருங்கியிருந்த காசில் செம்பும் கலந்தது. மேற்பரப்பைச் சோதித்த பழைய ஆய்வுகள் 90 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளி என்றன, உட்பகுதியைத் துளையிட்டுப் பார்த்த பிற்கால ஆய்வுகள் 80 விழுக்காட்டளவே என்றன. அந்த அடிமை நீரோவுக்குப் பின் இலங்கையில் ஒதுங்கியிருந்தால் மன்னனின் தராசு வேறு கதை சொல்லியிருக்கும். செப்டிமியஸ் செவெருஸ் காலத்தில் வெள்ளி ஏறத்தாழப் பாதியானது. 215-இல் காரகல்லா புதிய பெருங்காசு ஒன்றை வெளியிட்டார். இன்றைய நாணயவியலார் அதனை அந்தோனினியானுஸ் என்பர். இரண்டு தெனாரிய மதிப்புடையதாகக் கருதப்படும் அதில் இருந்தது ஒன்றரைத் தெனாரிய வெள்ளி. அதை இனங்காண்பது எளிது: பேரரசர் தலையில் கதிர்முடி, பேரரசியாயின் மார்புருவத்தின் கீழ் பிறை. ஞாயிறும் திங்களும் சாட்சியாக நிற்க, உள்ளே வெள்ளி குறைந்துகொண்டே போயிற்று. காலியேனுஸ் தனியாட்சியின் முடிவில் (268) அது ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போய், செம்பின்மேல் பூசிய பூச்சாயிற்று. 294-ஐ ஒட்டி டையோக்ளீஷியன் மீண்டும் நல்ல வெள்ளிக்காசு அடித்தபோது, சில காசுகளில் ‘தொண்ணூற்றாறு’ என்னும் எண்ணையே பொறித்துவைத்தார்கள். நீரோவின் எடை திரும்பிவிட்டது என்று எழுதிக் காட்டினால்தான் நம்புவார்கள் என்ற நிலை.

கள்ளக் காசு அன்றே உண்டு. செம்புக் கட்டைமேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்தவை கிடைக்கின்றன. போர்வை கிழிந்த இடத்தில் பச்சை பூத்திருக்கும். பிற்காலக் கள்ளம் வேறு வகை. செருமானியரான கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) பழங்காசுகளுக்குத் தாமே அச்சு வெட்டியவர். புதிதாக அடித்தவற்றை இரும்புத்தூளோடு பெட்டியிலிட்டு வண்டியின் அடியில் கட்டி நெடுந்தொலைவு ஓட்டி முதுமை ஏற்றுவாராம். அச்சில் வார்த்த போலியை அறிவது அதனினும் எளிது: எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், பரப்பில் நுண்குமிழ் இருக்கும், ஓரத்தில் அரம் போட்ட தடம் இருக்கும். சம்மட்டியடி வாங்கிய காசில் உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடிய தடம் தெரியும். நாணயத்தைச் சோதிக்கும் இத்தொழிலுக்குத் தமிழில் பழம்பெயர் உண்டு: வண்ணக்கன். வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் எனச் சங்கப் புலவர் வரிசையில் அப்பெயர் தாங்கியவர்கள் பலர். காசின் மாற்றை அறிந்த குடியினர் சொல்லின் மாற்றையும் அறிந்திருந்தனர் போலும்.

அவர்கள் கையில் உரோமானிய வெள்ளி தவழ்ந்திருக்கக்கூடும். முசிறிக்கு யவனர் கலம் வந்து மிளகு ஏற்றிச் சென்றதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றில் பாடியுள்ளார். காசுகள் மிகுதியாக வெளிப்பட்டது முசிறிக் கரையில் அன்று. பாலைக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, கொங்கு நாட்டில். வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறு அளவில் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அதே ஊரில் பின்னரும் புதையல்கள் வெளிப்பட்டன. உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பூதிநத்தம் புதையலில் 1398 தெனாரியங்கள். அவற்றுள் 369 அகஸ்டஸ், 1029 டைபீரியஸ்.

இப்புதையல்களை வாசிப்பவரை வியக்கவைப்பது அவற்றின் ஒரேதன்மை. உரோமின் நூற்றுக்கணக்கான வெள்ளிக்காசு வகைகளுள் இங்கே மிகப் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, மேலே கூறிய அமர்ந்த பெண். மற்றொன்று, அகஸ்டஸின் தத்துமக்களான கையுஸ், லூசியுஸ் இருவரும் கேடயமும் ஈட்டியுமாக நிற்பது. முன்புறத்தில் ‘நாட்டின் தந்தை’ என்னும் பட்டம் இருப்பதால் அது கி.மு. 2-க்கு முற்பட்டதாக இருக்கமுடியாது. பின்புற எழுத்து, அவ்விருவரும் கான்சலாகத் தேர்வு பெற்றவர்கள், இளையோர் தலைவர்கள் என்கிறது. லூசியுஸ் கி.பி. 2-இல் இறந்தான், கான்சல் ஆகவேயில்லை. கையுஸ் கி.பி. 4-இல் இறந்தான். பேரரசு எவர்களுக்கென வைத்திருந்ததோ அவ்விருவரும் போனபின், அரியணை டைபீரியஸுக்குப் போயிற்று. கொங்கு நாட்டு மண்ணில் மூவரும் ஒரே பானையில் கிடந்தனர்.

இங்கேதான் சங்க காலத்தை ஆராய்வோர்க்கு ஒரு வழுக்கல் நிலம் இருக்கிறது. காசுகள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. ஆகவே யவனர் வாணிகம் அவ்விருவர் காலத்தில் உச்சத்தில் இருந்து பின் தளர்ந்தது. ஆகவே யவனரைப் பாடிய பாடல்களும் அக்காலத்தவை. இப்படி மூன்று ‘ஆகவே’களால் கட்டிய வாதம் பல நூல்களில் நிலைபெற்றுவிட்டது. காசு, தான் எப்போது அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். எப்போது கலமேறியது, எப்போது பானைக்குள் போயிற்று என்பதைச் சொல்லாது. கி.பி. 64-க்குப் பின் எடையும் மாற்றும் குறைந்த புதுக்காசைத் தமிழக வணிகர் ஏற்க மறுத்துப் பழைய நல்ல வெள்ளியையே கேட்டிருந்தால், உரோமானிய வணிகர் பழங்காசைப் பொறுக்கியெடுத்துத்தான் கொண்டுவந்திருக்கவேண்டும். இது வெறும் ஊகமன்று. உரோமின் வடஎல்லையில் செருமானியர், தாங்கள் நெடுநாள் அறிந்த பழங்காசை, விளிம்பில் பல் வெட்டியதையும் இருபரித் தேர் பொறித்ததையும், விரும்பி ஏற்றனர் என்று தாசிதுஸ் கி.பி. 98-இல் எழுதினார். டிராஜன் தேய்ந்த பழங்காசுகளையெல்லாம் உருக்கச் செய்ததாகத் தியோ காசியுஸ் கூறுகிறார். அதன்பின் அத்தகைய காசு கிடைப்பது அருகியிருக்கும். இவ்வாறு நோக்கினால் டைபீரியஸ் தலை தாங்கிய வெள்ளி, அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னும் மேற்குக் கரையில் இறங்கியிருக்க இடமுண்டு. பாடல்களின் காலத்தைக் காசின் முகத்தைக் கொண்டு கி.பி. 37-க்குள் அடைத்துவிடுவது கூடாது.

கொங்கில் வந்த காசு சிலவற்றைப் பார்த்து இந்நாட்டிலேயே அடித்த போலிகளும் கிடைத்துள்ளன. அவற்றை அறிய எழுத்தே துணை. தலை ஓரளவு சரியாக இருக்கும்; சுற்றியுள்ள எழுத்து வெறும் கோடும் வளைவுமாகச் சிதைந்திருக்கும். இலத்தீன் அறியாத கம்மியன் எழுத்தை எழுதவில்லை, வரைந்திருக்கிறான்.

பின்னர் ஒருவன் எழுதியே விட்டான். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி, இரா. நாகசாமி முதலியோர் ஆராய்ந்து வெளியிட்டபோது, தமிழ் ஆய்வுலகம் வியந்தது. உரோமானியக் காசின் பாணியில் வலம் நோக்கிய ஒரு தலை. தலைக்கு மேலே இலத்தீனுக்கு மாறாகத் தமிழ்-பிராமி எழுத்தில் ‘மாக்கோதை’. ‘குட்டுவன் கோதை’ என்று பொறித்த மற்றொன்றும் கிடைத்தது. சங்க காலச் சேர வேந்தர் முகம் இதுதான் என்று காட்டுவதற்கு இவை இரண்டையும் விட நெருக்கமான பொருள் வேறில்லை.

புறநானூற்றை அறிந்த அவையில் ‘மாக்கோதை’ என்ற பெயர் கேட்டதும் 245-ஆம் பாட்டு நினைவுக்கு வருவது இயல்பு. மனைவியை ஈமத்தீயில் இட்டபின்னும் தன் உயிர் போகாமல் நிற்பதை நொந்து பாடிய அப்புலவரின் பெயர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. அப்பாட்டைப் பாடிய வாய் இக்காசில் இருக்கும் வாய்தானோ என்று எந்தக் கவிஞருக்கும் கேட்கத் தோன்றும். அப்படியே என்று எழுதிவிட்டவர்களும் உண்டு. காசை மட்டும் வாசித்தால் அதில் இருப்பது ஒரு தலையும் ஒரு பெயருமே. கோட்டம்பலத்துத் துஞ்சியது என்பது இறந்தபின் சேர்ந்த அடை. உயிரோடிருந்தவன் காசில் அது வர வழியில்லை. கோதை என்பது சேரர் பலர் தாங்கிய பெயர். குட்டுவன் கோதை காசே அதற்குச் சான்று. ஐந்து அந்தோனினுஸ்களை உரோமில் பிரித்தறிய ‘பியுஸ்’ நின்ற இடமும் ‘இம்ப்’ என்ற முன்னொட்டும் ஆட்சியாண்டு எண்ணும் உதவின. மாக்கோதையின் காசில் அத்தகைய எண்ணோ பட்டமோ இல்லை.

எழுத்து சொல்லாததைக் கிடைத்த இடம் சொல்லியிருக்கக்கூடும். எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையில், எந்தக் காசுகளோடு கிடந்தது என்பது தெரிந்திருந்தால் காலமேனும் குறுகியிருக்கும். ஆற்று மணலுக்கு அடுக்கு இல்லை. வெள்ளம் வந்தபோதெல்லாம் அது புரண்டிருக்கிறது. மணலைச் சலித்தெடுத்தவர் கையிலிருந்து வணிகர் கைக்கும், அங்கிருந்து சேகரிப்போர் கைக்கும் அவை போயின. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்லுகிறது. நிலத்தைத் தோண்டுகையில் பானையோடு வெளிப்படும் காசேனும் அவ்வாறு அறிவிக்கப்பட்டு, பிரிக்கப்படாமல், எண்ணப்பட்டு, முன்புறமும் பின்புறமும் வாசிக்கப்பட்டால், அடுத்த மாக்கோதை எந்த டைபீரியஸோடு கிடந்தான் என்பதாவது தெரியவரும்.